கண்ணை மூடிக்கொண்டு வாசித்தது

என் கோபத்துக்காகத்தான் அப்பா டிரம்ஸ் செட் வாங்கிக் கொடுத்தார். பதினான்கு வயதில் சித்தப்பா மகன் மண்டையில் பித்தளைச் சொம்பை எறிந்து நாலு தையல் போட வைத்திருந்தேன். அடிக்கிறதை இதிலே அடித்துத் தொலை என்று எங்கள் நூல் மில் குடோனில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். மில் வைத்திருக்கும் வீட்டில் பெண்பிள்ளையின் கிறுக்குத்தனத்துக்கும் ஓர் அறை கிடைத்துவிடும். அந்தக் குடோனில்தான் பிற்பாடு எங்கள் ஜாஸ் குழு உருவானது.

கோயம்புத்தூரில் ஜாஸா என்று சிரிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து பார்க்கட்டும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர் கையில் கிரீஸ் மணக்க டிராம்போன் ஊதுவார். பேரூர்ப் பக்கத்துத் தவில்காரர் ஒருவர் ஏழு எண்ணிக்கையில் அடித்து எங்களைத் திணறடிப்பார். திருப்பூர் பனியன் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கும் மணிப்பூர்ப் பெண் பாட வருவாள். வந்து போகிறவர்கள் இப்படிப் பலர். நிரந்தரமான குழு நாங்கள் நாலு பேர். பியானோவுக்கு சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் வாத்தியார் ஒருவர், பேஸ் கிதாருக்குப் பாலக்காட்டிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவன், டிரம்ஸுக்கு நான், சாக்ஸபோனுக்கு அவன்.

அவனுக்குச் சொந்த ஊர் காங்கேயத்துக்குப் பக்கம். தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் கூலிக்கு உழைத்த குடும்பம். அப்பா பேண்ட் செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர். அவன் படித்துக் கோவைக் கல்லூரி ஒன்றில் கணக்குப் பாடம் நடத்தினான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. இருந்தும் அவன் என்னை "நீங்க" என்பான், நான் அவனை "நீ" என்பேன். அதை நான் சினேகம் என்று நினைத்திருந்தேன்.

வாசிக்கும்போது எனக்குப் பொறுமை கிடையாது. தாளம் பிசகினால் குச்சியை எறிவேன். பேஸ்காரன் புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் நாலு எண்ணிக்கையை ஒரு பார் என்று வைத்து, சாக்ஸும் டிரம்ஸும் நாலு நாலு பாராக மாறி மாறி வாசிக்கும் கட்டம் வந்தால் நான் வேறு ஆளாகிவிடுவேன். அவன் நாலு பார் ஊதிவிட்டு நிறுத்துவான். அடுத்த நாலு பார் என்னுடையது. அப்போது பியானோவும் பேஸும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், நான் மட்டும் அடிப்பேன். பிறகு மறுபடி அவன். சண்டையும் கொஞ்சலும் கலந்த பேச்சு அது. சிலசமயம் வேண்டுமென்றே பாதி வாக்கியத்தில் வெட்டி என் பக்கம் எறிவான், அது அவன் குறும்பு. நானோ கண்ணை இறுக மூடிக்கொள்வேன். மூடினால்தான் எனக்குக் கை ஓடும்.

அந்தக் கல்யாணத்தை ஒப்புக்கொண்டது நான்தான். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு ஜாஸ் பைத்தியம். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது மேடையில் வாசிக்க வேண்டும். காங்கேயம் போகும் வழியில் பெரிய மண்டபம். சாக்ஸபோன்காரனிடம் சொன்னதும் அவன் முகம் செத்துப்போனது.

"அந்த மண்டபம் வேண்டாமுங்க. எங்கூர்க்காரங்க அத்தன பேரும் வருவாங்க. எங்கப்பன கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சு ஊதச் சொல்ற ஆளுங்க."

"கோட்டு போட்டுட்டு நிக்கற உன்ன எவன் கண்டுபிடிக்கப் போறான்? நான் இருக்கறன்ல?"

சாக்ஸபோனைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, "செரிங்க" என்றான்.

அந்தப் பக்கத்தில் பேண்ட் செட்டுக்கு இடம் வாசல்தான். மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் நடப்பார்கள், கேட்டோடு நின்றுவிடுவார்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார்கள். மேடை அவர்களுக்கு இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் அப்படித்தான். ஆனால் சாக்ஸபோன் கையில் இருந்தால், ஜாஸ் என்று பெயர் இருந்தால், அது வேறு கணக்கு என்று நம்பினேன். என் வீட்டுப் பெயர் அவனுக்கும் சேர்த்துக் குடை பிடிக்கும் என்றும் நம்பினேன்.

இரண்டு பாட்டு நல்லபடியாகப் போனது. மூன்றாவது தொடங்கும் முன் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மேடை ஓரம் வந்து அவனை உற்றுப் பார்த்தார்.

"நீ அந்தக் கிளாரினெட்காரன் பையன்தான?"

"ஆமாங்க."

"பொண்ணு மாப்ள உக்கார்ற மேடைல உனக்கென்ன வேல? கீழ எறங்கி நின்னு ஊது."

"இந்தப் பாட்டு முடிஞ்சதும் எறங்கிக்கறனுங்க."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அந்த இடத்தில் நான் எழுந்திருக்க வேண்டும். சாமான்களை மூட்டை கட்டியிருக்க வேண்டும், அல்லது மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? அந்த ஆளின் முகத்துக்கு நேரே குச்சிகளைத் தட்டி, வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் பாட்டைத் தொடங்கினேன். அடித்தே பதில் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. மற்ற மூன்று பேரும் என் வேகத்துக்கு ஓடி வந்தார்கள்.

நாலு பார் கட்டம் வந்தது. கண்ணை மூடினேன். அவன் ஊதினான், நான் அடித்தேன். அவன் மறுபடி ஊதினான், நானும் அடித்தேன். மூன்றாவது முறை பாதியில் வெட்டினான். குறும்பு என்று எண்ணிச் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டேன். என் நாலு பார் முடிந்தது. அவன் வரவில்லை. பியானோ வரவில்லை, பேஸும் வரவில்லை. எனக்கே முழு இடத்தையும் விட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்தேன். ஜாஸில் அப்படி விடுவது உண்டு, அது பெரிய மரியாதை. கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. எனக்குத்தான் என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன். அந்த ஆளின் மேல் இருந்த ஆத்திரம் முழுக்க டிரம்ஸின் தோல் மேல் இறங்கியது. என் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. இதைச் சொல்ல வாய் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

நாற்காலி ஒன்று என் டிரம்ஸின் சிம்பல் தட்டில் வந்து மோதியபோதுதான் கண்ணைத் திறந்தேன்.

மேடைக்குக் கீழே அவன் மல்லாந்து கிடந்தான். அவன் ஊதிக்கொண்டிருந்தபோதே யாரோ சாக்ஸபோனின் அடியில் கை வைத்து வாய்க்குள் ஏற்றித் தள்ளியிருக்கிறார்கள். மேலுதடு இரண்டாகக் கிழிந்து பல் தெரிந்தது. மூன்று பேர் அவனை உதைத்துக்கொண்டிருந்தார்கள். பியானோ வாத்தியார், உதைத்தவர்களில் ஒருவன் காலைக் கட்டிக்கொண்டு தரையில் இழுபட்டார். பேஸ்காரனை நாலு பேர் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்கள். கழுத்து நரம்பு புடைக்க அவன் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரமும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

சிம்பல் ஸ்டாண்டை உருவிக்கொண்டு குதித்தேன். அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் தோளில் இறக்கினேன். எலும்பு முறிவது என் கைக்குத் தெரிந்தது. இன்னொருவன் முதுகில் அடித்தேன். மூன்றாமவன் முகத்தை நகத்தால் கீறினேன். என்னைத் திருப்பி அடிப்பார்கள் என்று காத்திருந்தேன், அடிக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். ஒருவரும் தொடவில்லை. ஷூவில் ரத்தம் ஒட்டியிருந்தவன் என் முன்னால் கை கூப்பினான்.

"அம்மணி, நீங்க இதுக்குள்ள வராதீங்க. தள்ளி நில்லுங்க, அடி பட்டுரப் போகுது."

சொல்லிவிட்டுத் திரும்பி, கீழே கிடந்தவன் விலாவில் இன்னொரு உதை விட்டான்.

உதட்டில் ஒன்பது தையல். முன்பல் இரண்டு போயிற்று. உணர்ச்சி திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சாக்ஸபோன் ஊதுகிறவனுக்கு மேலுதட்டில் உணர்ச்சி இல்லையென்றால் வேறு எது இருந்து என்ன?

ஸ்டேஷனில் அப்பா வந்து பேசினார். தோள் முறிந்த ஆள் என் மேல் புகார் கொடுக்காமல் இருக்க, இவன் அவர்கள் மேல் கொடுத்ததை வாபஸ் வாங்க வேண்டும். கைகலப்பு, சமாதானம் என்று எழுதினார்கள். தையல் போட்ட வாயோடு அவன் கையெழுத்துப் போட்டான். எனக்காகத்தான் போட்டான். நானும் போட்டேன். அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்து எறிய எனக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வராத கோபத்தை என்னவென்று சொல்வது?

நாலு மாதம் அவன் என் போனை எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் வரும் முன்னால், குடோனுக்கு வந்தான். மீசை வளர்த்திருந்தான். தழும்பு பாதி மறைந்திருந்தது.

"ஊத முடியுதா?" என்றேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"கீழ் சுரமெல்லாம் வருதுங்க. மேல போனா ஒதடு மரத்துப்போகுது. தெனமும் பழகறனுங்க. வந்துருமுங்க."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மன்னித்துவிடு என்றேன். கண்ணை மூடியிருந்தேன், எனக்கு ஒன்றுமே தெரியாது என்றேன். அவன் தலையாட்டினான்.

"தெரியுமுங்க. கீழ கெடந்தப்ப நான் எண்ணிட்டே இருந்தனுங்க. வேறெதும் செய்யத் தோணல. ஆறு தடவ என் மொற வந்துச்சு. நான் உள்ள வரலீன்னா நிறுத்திப்போட்டு ஏன்னு பாப்பீங்கன்னு ஒவ்வொரு தடவையும் காத்துட்டு இருந்தேன். என் நாலு பாரையும் சேத்து நீங்களே வாசிச்சுப்போட்டீங்க."

வாசல்வரை போய் நின்றான்.

"மறுக்கா மேடையேறி ஊதுவனுங்க. உங்களோட இல்லீங்க. அதை நேர்ல சொல்லிப்போட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

குரலில் துளி சூடு இல்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டை போட்டிருப்போம், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். அவன் நிதானமாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.