சயானில் எந்த பில்டிங்?

எங்கள் சந்தில் யாரும் வெளியாட்களிடம் வீடு தாராவியில் என்று சொல்வதில்லை. பக்கத்தில் இருக்கும் சயானைச் சொல்லிவிடுவோம். மாட்டுங்காவில் ஒரு தனியார் பள்ளியின் எல்.கே.ஜி. நேர்காணலுக்கு நானும் கணவரும் மகளை அழைத்துப் போனபோதும் அப்படியே சொல்லப் பழக்கியிருந்தேன். சிபாரிசுக்கு எங்களுக்கு ஆள் கிடையாது.

நிறம், பழம், மிருகம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் டக்டக்கென்று சொன்னாள். பிரின்சிபல் அம்மாள் சிரித்துக்கொண்டே, "வீடு எங்கே பேட்டா?" என்று இந்தியில் கேட்டார்.

"சயான்!"

"சயானில் எந்த பில்டிங்?"

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு, "பில்டிங் இல்ல. பப்பா கடைக்கு மேல. ஏணி இருக்கு" என்றாள் பெருமையாக.

அவர் சிரிப்பு நின்றது. "தாராவியா? எங்கள் பிள்ளைகளோடு இவளுக்குக் கஷ்டமாக இருக்கும்" என்று சொல்லி, மணியடித்து அடுத்தவர்களைக் கூப்பிட்டார்.

கேட்டைத் தாண்டியதும் என் கணவர் வெடித்தார். "இவங்க தின்னுற இட்லிக்கு மாவு நம்ம கடைல இருந்துதான போவுது. அதுல மட்டும் தாராவி வாடை அடிக்கலையோ?"

மகள் என் சேலையை இழுத்தாள். "எம்மா, கலரெல்லாம் கரெக்டாத்தான சொன்னேன்? எதைத் தப்பாச் சொன்னேன்?"

"சயான்னு சொன்னது மட்டுந்தான் தப்பு. அது அம்மா சொல்லிக்குடுத்தது" என்றேன்.

அந்த அம்மாள் மேல் எனக்கிருக்கும் கோபம் இன்றும் ஆறவில்லை. என் மேல் இருப்பதும்தான்.