சோபாவோடு வந்த படங்கள்

படம் பார்க்க வருகிறவர்களின் கையை அலமாரி அக்கா முதலில் முகர்ந்து பார்ப்பார். மாணவரோ பேராசிரியரோ, வாசலிலேயே நின்று இரண்டு கையையும் நீட்டியாக வேண்டும். “சோப்பு போட்டியா, இல்ல தண்ணியைக் காட்டிட்டு ஓடி வந்துட்டியா?” சந்தேகம் வந்தால் மறுபடி குழாயடிக்குத் துரத்துவார். துணைவேந்தரே ஒருமுறை போய்வந்திருக்கிறார்.

பல்கலைக்கழகத்தின் ஓவியச் சேகரிப்பு அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. படங்கள் உயரமான அடுக்குகளில் புத்தகங்களைப் போல நிமிர்ந்து நிற்பதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் ‘அலமாரி அக்கா’. அறையின் நடுவே ஒரு நீள மேசை. வியாழக்கிழமை பிற்பகல்களில் யார் வந்து எதைக் கேட்டாலும் அடுக்கிலிருந்து உருவி அதன்மேல் வைப்பார். எதற்கு என்று கேட்கமாட்டார். பார்க்கிறவரின் மூக்கு படத்தில் இடிக்கப் போனால் மட்டும் தொண்டையைக் கனைப்பார். “சுவத்துல மாட்டினா நடந்துக்கிட்டே பாப்பாங்க. மேசையில வச்சா உக்காந்து பாப்பாங்க” என்பது அவர் கட்சி.

அவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு டார்ச்சும் பாதி பிஸ்கட்டும் இருக்கும். பிஸ்கட்டை அறைக்குள் தின்னமாட்டார். வெளியே போய்த் தின்று, கைகழுவி, தன் கையைத் தானே முகர்ந்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஒரு பெரிய கம்பெனி தலைமையகத்தைக் காலி செய்தபோது, தன்னிடமிருந்த நவீன ஓவியங்களைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக அறிவித்தது. செய்தி வந்த அன்று அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் படங்களைப் பார்ப்பதற்கென்றே இளவயதில் அந்தக் கம்பெனியின் வரவேற்பறையில், வேலை கேட்டு வந்தவளைப் போல மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். லாரி வந்த நாளில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து நின்றார்.

பொட்டலங்களைப் பிரித்ததும் சாயம் பூசிய தலைக்குள் கொதிக்கத் தொடங்கியது. படங்களின் முதுகில் சீட்டு ஒட்டியிருந்தது: ‘மூன்றாம் மாடி, நீல சோபா.’ ‘கூட்ட அறை, பழுப்பு நாற்காலி.’ வரைந்தவர் பெயர் ஒன்றில்கூட இல்லை. ஒவ்வொரு படத்தோடும் அதே நிறத்தில் குஷன்கள். பின்னாலேயே சோபாக்களும் இறங்கின. எல்லாம் சேர்ந்ததுதான் கொடையாம். பிரிக்கக் கூடாது, சுவரிலிருந்து இறக்கக் கூடாது என்ற நிபந்தனைக்குப் பல்கலைக்கழகமும் பல்லை இளித்துக்கொண்டு சம்மதித்திருந்தது. சோபா போட இடம் வேண்டுமே. நீள மேசை வராந்தாவுக்குப் போனது.

“மஞ்சள் படம் ஒண்ணை, ஜன்னல் துடைக்கற மருந்தை அடிச்சு வாரா வாரம் துடைச்சிருக்காங்க,” என்று இரவுச் சாப்பாட்டில் கணவரிடம் பொருமினார். “ஒரு மூலை மட்டும் பளபளன்னு இருக்கு. பாத்திரமாங்க அது?”

கணவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். கோபத்தைக்கூட வேளைக்கு ஒன்று என்று அளந்து படுகிறவர். “சும்மா குடுக்கறாங்க. வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே.”

“சும்மாவா? என் மேசையைத் தூக்கி வெளிய போட்டுட்டுக் குடுக்கறதுக்குப் பேரு சும்மாவா? நாளைக்கு ஒருத்தன் வந்து உங்க கடை மருந்தையெல்லாம் தெருவுல வச்சிட்டு, உள்ள மீன்தொட்டி வச்சுக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?”

“மீன் நல்லா இருந்தா...” என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுக்குத் திரும்பினார்.

பதிவாளரிடமும் போய்க் கேட்டாயிற்று. “வியாழக்கிழமை பிள்ளைங்க வருவாங்களே சார்?”

“தூர நின்னு பாத்துட்டுப் போகட்டும்மா. இல்ல, வியாழக்கிழமையை நிறுத்திடுங்க. ஓய்வு பெறப்போற நேரத்துல படத்தை இறக்கி ஏத்தி வேலைக்கு வேட்டு வச்சுக்காதீங்க.” பேச்சு மென்மையாகத்தான் இருந்தது. அதுதான் அக்காவுக்கு ஆறவே இல்லை.

கொடை விழாவும் ஒரு வியாழக்கிழமைதான் வந்தது. நீல சோபாவில் கம்பெனித் தலைவர் புதைந்திருந்தார். பக்கத்தில் பதிவாளர் நுனியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனியின் விளம்பர அதிகாரி, பளிச்சென்ற இளம்பெண், பழரசக் கோப்பையோடு சுவரோரம் நின்று, “இனிமே இது எல்லாரோட சொத்து” என்று பேசி முடித்தாள். கைதட்டினார்கள். அக்கா தட்டவில்லை.

விழா நடப்பது தெரியாமல் பல் மருத்துவம் படிக்கும் பெண் ஒருத்தி, ஈரக் கையை உதறிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

“என்னம்மா வேணும்?”

“ஒண்ணுமில்லக்கா. சுவத்துல மாட்டியிருக்கற அந்தச் சாம்பல் நிறப் படத்தை மேசையில வச்சுப் பாக்கலாமான்னு... நான் அப்புறமா வரேன்.”

“இரு.”

பதிவாளர் சோபாவிலிருந்து பாதி எழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போய்ச் சாம்பல் படத்தின் சட்டத்துக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்தார். பெரிய படம். மறுமுனையில் விளம்பர அதிகாரி நின்றிருந்தாள்.

“அந்த டம்ளரைக் கீழ வச்சிட்டு, அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிம்மா,” என்றார் அக்கா. “மேசை வராந்தாவுல இருக்கு.”