அருள்ஜோதி பெயரில் உள்ளே போனவர்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் ஃபைல் அறை இருபது வருஷமாக அருள்ஜோதியின் பொறுப்பு. நோட்டில் கையெழுத்துப் போடாமல் பெரிய டாக்டருக்கே ஃபைல் தரமாட்டாள். பீரோ சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும்.

இரண்டாயிரத்து நாலில் அங்கே கம்ப்யூட்டர் வந்தது; ஃபைல்களெல்லாம் அதற்குள் ஏறின. ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். "அக்கா, என்னோடது மறந்துபோச்சு, உங்களோடத சொல்லுங்க" என்று நர்சுகள் கேட்டபோது அருள்ஜோதி யோசிக்காமல் சொல்லிவிட்டாள். சாவி மாதிரி கையைவிட்டுப் போகிற பொருளா அது?

ஆறு மாதம் கழித்து, அங்கே வைத்தியம் பார்த்துவந்த, துபாய் மாப்பிள்ளைக்கு நிச்சயமாகியிருந்த கலைமகளின் கல்யாணம் நின்றுபோனது. அவள் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுவது மாப்பிள்ளை வீட்டுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் ஃபைலைத் திறந்தது யார் என்று கம்ப்யூட்டரில் தேடினார்கள். அருள்ஜோதியின் பெயர் வந்தது. ஆனால் ஃபைல் திறக்கப்பட்ட அன்றைக்கு அருள்ஜோதி லீவு. மகள் ஃபெபியைச் சிங்கப்பூர் விமானம் ஏற்றத் திருச்சிக்குப் போயிருந்தாள். திறந்தது அவள் இல்லை என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். வேறு யார் என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் ஒரு ரிப்போர்ட் பார்க்க வந்தார். "என்னோடது வேலை செய்யல. உன் பாஸ்வேர்ட சொல்லும்மா."

"மாட்டேன் டாக்டர். உங்களுக்குப் புதுசு போட்டுத் தரச் சொல்றேன், உங்க பேர்லயே உள்ள போங்க" என்றாள் அருள்ஜோதி. "கலைமகள் வீட்டுல இன்னிக்கும் என் பேரத்தான் சொல்லி அழுவுறாங்க."