வளர்ந்துவிடுவேன் என்று வாங்கிய சைக்கிள்

ஏரிக்கரை மதகுச் சுவர் விடிந்த நேரத்தில் எப்படிச் சில்லென்று இருக்கும் என்பது என் இடது உள்ளங்காலுக்கு இன்றைக்கும் தெரியும். பனியில் நனைந்து கிடக்கும் அந்தச் சிமெண்டுக் கட்டையில் வெறுங்காலை ஊன்றி, சைக்கிளை ஒருபக்கமாகச் சாய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன். செருப்பு இரண்டும் கேரியரில் இருக்கும். கால்விரல் நுனியால்தான் எனக்குப் பெடலை எட்ட முடியும், செருப்புப் போட்டால் அதுவும் வழுக்கிவிடும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் நான் பாகூர் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தது இப்படித்தான்.

எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் உண்டு. மேலே படிக்க ஏரிக்கரையோடு பாகூர் போக வேண்டும், பஸ்ஸோ பள்ளி நேரத்துக்கு வராது. அதனாலேயே எட்டாவதோடு படிப்பை விட்ட பெண்கள் எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர் இருந்தார்கள். நான் ஐந்தாவது ஆளாகிவிடக் கூடாது என்று, கரும்பு வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கி வந்தார். நடுவில் ‘பார்’ வைத்த, ஆம்பளைகள் ஓட்டுகிற பெரிய சைக்கிள். ஞாயிற்றுக்கிழமையில் மாட்டுத் தீவனத்துக்குக் கரும்புச் சோகைக்கட்டு ஏற்றவும் ஆகும் என்பது அவர் நினைப்பு.

“இன்னாபா இது, எனக்கு எட்டவே எட்டாதே!”

“வளர்ற புள்ளடி நீ. வளந்துடுவ” என்றார்.

எங்கள் வீட்டில் எல்லாம் அப்படித்தான். பாவாடை தைத்தால்கூட வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று உள்பக்கம் இரண்டு மடிப்பு வைத்துத் தைப்பார்கள். என் பாவாடைகளில் மடிப்பைப் பிரிக்கிற வேலையே யாருக்கும் வரவில்லை. அப்பா என்னைவிட நாலு விரற்கடைதான் உயரம், அம்மா அதுவும் இல்லை. பிறகு நான் எங்கிருந்து வளர்வது?

சும்மா சொல்லக்கூடாது, ஓட்டுவதற்கு இரண்டே வாரத்தில் பழகிவிட்டேன். நிறுத்துவதுதான் பெரும்பாடு. தரை எட்டாது என்பதால் இடதுபக்கம் உயரமாக ஏதாவது இருந்தால்தான் காலை ஊன்றி நிற்க முடியும். ஊர் எல்லை மைல்கல், கழனி ஓரத்து மோட்டார் கொட்டகைத் தொட்டி, மதகுச் சுவர், பால் சொசைட்டிப் படி, அதற்கப்புறம் பள்ளிக்கூட வாசல் திண்டு. இவற்றுக்கு நடுவில் எமனே குறுக்கே வந்தாலும் எனக்கு நிற்கத் தெரியாது, “வழி வுடு, வழி வுடு” என்று கத்திக்கொண்டே போவேன். வழியில் யாராவது கூப்பிட்டால், “மதகாண்ட வா, பேசலாம்!” என்று சொல்லிவிட்டுப் பறப்பேன். எனக்குத் திமிர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், கொஞ்சம் இருந்ததும் உண்மைதான்.

தை மாதத்தில் ஒருநாள் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வளைவில் சக்கரம் புதைந்து, சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. மைல்கல்லைத் தாண்டியாகிவிட்டது, தொட்டி இன்னும் வரவில்லை. பிரேக்கைப் பிடித்தேன், சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. சரளைக்கல்லில் முகம் குப்புற விழுந்து தாடை கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வீடு திரும்பினேன்.

“போதும்டி. சைக்கிளும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம். வூட்டுலயே கெட” என்று அம்மா அழுதாள். அப்பா அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, “ஒரு வருசம் போவட்டும். வளந்ததும் ஓட்டிக்கினு போவட்டும்” என்றார். அம்மா சொன்னதில் எனக்குக் கோபமில்லை, அவள் பயத்தில் சொன்னாள். அப்பா சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்த பெண்ணை எங்கள் பக்கத்தில் யார் திரும்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள்?

அடுத்த ஞாயிறு காலை, தாடையில் பிளாஸ்திரியோடு அப்பாவை இழுத்துக்கொண்டு பாகூரில் இருந்த சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் பெரிய சைக்கிளின் சீட்டை அடிவரை இறக்கிப் பார்த்தார். இறக்கி என்ன, ‘பார்’ இருக்கிற இடத்தில்தானே இருக்கும். மூலையில் யாரோ விற்றுவிட்டுப் போன சின்னச் சைக்கிள் ஒன்று கிடந்தது. ஊதா நிறம், குட்டைச் சக்கரம், ஹேண்டில் இரண்டிலும் குஞ்சம் வேறு. ஏறி உட்கார்ந்தேன். குதிகால் இரண்டும் தரையில் பதிந்தன. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது, எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அது ரெண்டாங்கிளாஸ் புள்ளைங்க ஓட்றதும்மா. ஊரே சிரிக்கும்” என்றார் கடைக்காரர்.

“சிரிக்கட்டும்ணே. நான் இவ்ளோதான், இதுக்கு மேல வளர மாட்டேன். எனக்கு ஏத்த சைக்கிள் இதான்.”

அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. “வாங்கித் தாபா” என்றேன். வாங்கித் தந்தார்.

திரும்பும்போது நான் சின்னதிலும் அவர் பெரியதிலுமாக வந்தோம். ஏரிக்கரையில் நட்டநடுச் சாலையில், எந்தக் காரணமும் இல்லாமல், நிற்க முடிகிறது என்பதற்காகவே நின்றேன். அப்பா என் பக்கத்தில் நிற்கவில்லை. என்னைத் தாண்டிப் போய், மதகுச் சுவரில் காலை ஊன்றி நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார். நான் கால் வைக்கிற அதே இடம். ஓடுகிற சைக்கிளிலிருந்து அவர் குதித்து இறங்குவதை அதுவரை சுறுசுறுப்பு என்றே நினைத்திருந்தேன். தன் மகளாவது வளரட்டும் என்று அந்த மனுஷன் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஊர் ஒரு வாரம் சிரித்தது. நான் அந்தக் குஞ்சம் கட்டிய சைக்கிளிலேயே போய்ப் பன்னிரண்டாவது வரை முடித்தேன், சொன்னபடியே ஒரு அங்குலமும் வளரவில்லை. இப்போது மூலக்குளத்தில் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யார் சைக்கிள் வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிப்போகிறார்கள். முட்டிவலிக்காரருக்குக் காலைத் தூக்காமல் ஏறுகிற மாதிரி தாழ்ந்த சைக்கிள், காய்கறி சுமக்கிறவருக்கு ஸ்டாண்டு அகலமான சைக்கிள் என்று ஆளைப் பார்த்துச் சொல்வேன். “வளர்ற புள்ளைதானே, பெருசாவே இருக்கட்டும்” என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் எனக்குக் கெட்ட கோபம் வரும். யாரையும் நான் ஓட்டிக் காட்டச் சொல்வதில்லை, நிறுத்திக் காட்டத்தான் சொல்கிறேன்.

ஏரிக்கரைச் சாலையை அகலப்படுத்திவிட்டார்கள். மைல்கல் இல்லை, தொட்டி இல்லை, மதகுச் சுவர் இருந்த இடத்தில் இரும்புத் தடுப்பு. அப்பாவின் பெரிய சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் சாய்ந்தே கிடந்தது. ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டதற்கு, “வயசாயிடுச்சுடி” என்றார். எனக்குத் தெரியாதா. போன பொங்கலுக்குக் குட்டைச் சக்கர சைக்கிள் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கினேன். “சின்னப் புள்ளைங்க சைக்கிளா எனக்கு?” என்று முறைத்தார். பிறகு மெல்ல ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாடி, தரை இவ்ளோ கிட்டயா இருந்துச்சு?” என்றார்.