குடலுக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் நான்

கார் ஏசி வேலையில் குளிர் வண்டிக்காரருக்கு, வேர்வை நமக்கு. வில்லாபுரத்தில் ஷெட் போட்டு நானும் பதினான்கு வருடமாக வேர்த்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் தலையை விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்களுக்கென்று வாய்த்த தலைவலி ஒன்று உண்டு. அதன் பெயர் ஹெடர். கம்பெனி மாட்டி அனுப்பும் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, நான்கு நீளக் குழாய்கள் சுருண்டு வளைந்து இறங்கும் ஒன்றை இளவட்டங்கள் வாங்கி மாட்டுவார்கள். வண்டி சீறும். ஷெட்டில் அதற்கு நாங்கள் வைத்த பெயர் குடல். பல வண்டிகளில் அந்தக் குடல் வந்து விழுகிற இடம், ஏசி கம்ப்ரஸரைத் தாங்கும் பிராக்கெட் இருக்கிற இடமாகவே இருக்கும்.

சத்தப் பிரியர்

இரண்டு வருடத்துக்கு முன் ஜவுளிக்கடைக்காரர் வீட்டுப் பையன் ஒருவர், பழைய கார் ஒன்றையும் புதுக் குடல் ஒன்றையும் கொண்டுவந்தார். வீட்டில் சௌராஷ்ட்ரம், ஷெட்டில் மதுரைத் தமிழ், காரோடு மட்டும் ஆங்கிலம் பேசுவார். பிராக்கெட் இடிக்கிறது, வேறு மாதிரி செய்து மாட்டலாம், நான்கு நாள் ஆகும் என்றேன். நான்கு நாள் பொறுக்க அவரால் ஆகாது. ஏசியையே கழற்றி வீசச் சொன்னார்.

எனக்கு மனசே இல்லை. ஆனாலும் கழற்றினேன். பிராக்கெட்டும் பழைய குழாயும் எடைக்குப் போயின. மதுரையில் ஏசி இல்லாமல் எப்படித் தம்பி ஓட்டுவீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது:

"ஏசி போட்டா கண்ணாடிய ஏத்தணும்ணே. கண்ணாடிய ஏத்திட்டா இம்புட்டுக் காசு குடுத்து வாங்குன சத்தம் எனக்கு எப்பிடிக் கேக்கும்?"

கை அடையாளம்

போன பங்குனியில் கொட்டாம்பட்டியிலிருந்து செல்வி டீச்சர் ஒரு கார் ஓட்டி வந்தார். அவர்கள் குடும்பத்தில் முதல் கார். கைமாறி வாங்கியது. ஏசி பட்டனை அமுக்கினால் விளக்கு எரிகிறது, குளிர் மட்டும் வரவில்லை என்றார். பானெட்டைத் திறந்தேன். அதே கார். கம்ப்ரஸர் இருந்த இடத்தை நான் மூடிய தகடு அப்படியே இருந்தது.

பின் சீட்டில் அவர் கணவர் முருகேசன், தலையில் ஈரத்துண்டோடு சாய்ந்திருந்தார். கொத்தனார். சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. நெஞ்சுக்குக் கீழே அவருக்கு வேர்ப்பதில்லை. உடம்பில் சூடு ஏறினால் இறங்காது. வாரம் மூன்று நாள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். முந்தின வாரம் மேலூர் தாண்டும்போதே மயங்கிவிட்டாராம். நான் மறைக்கவில்லை. ஏசியைக் கழற்றியவன் நான்தான் என்றேன். டீச்சர் ஒரு நிமிடம் என் கையையே பார்த்தார்.

"கழட்டுன கைக்குத்தான எது எங்கிட்டு இருந்துச்சுன்னு தெரியும்? நீங்களே மாட்டுங்கண்ணே."

பிள்ளையார் பார்த்த திசை

கம்ப்ரஸர் பழசில் ஒன்று கிடைத்துவிட்டது. புது பிராக்கெட்டுக்கு முதலில் அட்டையில் அச்சு வெட்டுவேன். அதற்குக் கல்யாணப் பத்திரிகையை மிஞ்சிய அட்டை கிடையாது. கெட்டியாகவும் இருக்கும், வளைத்தால் வளைந்தபடி நிற்கும். அன்று கிடைத்த பத்திரிகையில் ஒரு பக்கம் பெரிய பிள்ளையார், மறுபக்கம் வெறுமை. வெறும் பக்கம்தான் மேலே இருக்க வேண்டும் என்று அதில் 'மேல்' என எழுதி, காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த துண்டை எந்தப் பக்கம் மடக்க வேண்டும் என்று கோடு போட்டு, கப்பலூரில் தகடு வெட்டும் பட்டறைக்கு அனுப்பினேன்.

பிராக்கெட் வந்தது. அளவு அச்சு அசல். காது மட்டும் தலைகீழாக மடங்கி, விலக வேண்டிய குடலின் மேலேயே போய் இடித்தது. இரண்டு நாள் வீண். டீச்சர் தினமும் போன் செய்துகொண்டிருந்தார், வெயிலும் ஏறிக்கொண்டிருந்தது. கோபத்தோடு கப்பலூருக்கே போய், 'மேல்' என்று எழுதியது கண்ணில் படவில்லையா என்று பட்டறைக்காரரைக் கேட்டேன். அவர் நிதானமாகக் கையைத் துடைத்தார்.

"பட்டுச்சுண்ணே. அதுக்காகப் பிள்ளையாரக் குப்புறப் போட்டு மிசின் ஓட்டச் சொல்றீகளா?"

பத்து நிமிடம்

இரண்டாவது பிராக்கெட் உட்கார்ந்தது. குடலைச் சுற்றி வெப்பம் தாங்கும் துணி, நடுவில் ஒரு தடுப்புத் தகடு, ஏசிக்கு கேஸ் நிரப்புவது எல்லாம் முடித்தேன். முதலில் நான் தனியாக ஓட்டிப் பார்க்கிறேன் என்றால் முருகேசன் கேட்கவில்லை. உச்சி வெயிலில் டீச்சர் ஓட்ட, நான் முன்னால், அவர் பின்னால். ஒத்தக்கடை தாண்டியதும் பெல்ட் கத்த ஆரம்பித்தது. அவசரத்தில் பிராக்கெட் போல்ட் ஒன்றுக்கு ஸ்பிரிங் வாஷர் போடாமல் விட்டிருந்தேன், அது தளர்ந்துவிட்டது. வண்டியை நிறுத்தினால்தான் கை வைக்க முடியும். நிறுத்தினால் ஏசியும் நிற்கும். நாலு வழிச் சாலையில் நிழலுக்கு மரம் ஏது?

நிறுத்தி இறுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. குடல் கொதித்தது, முழங்கைத் தோல் வழன்றது, அது எனக்கு உறைக்கவே இல்லை. டீச்சர் துண்டை நனைத்து நனைத்துப் போட்டபடி அவரிடம் பேச்சுக் கொடுத்தார். முதலில் அவர் பதில் சொன்னார், பிறகு 'ம்' மட்டும், பிறகு அதுவும் இல்லை. இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இனி ஸ்பேனரைத் தொடக் கூடாது என்று நினைத்தேன். அம்புட்டுப் பயம்.

போல்ட்டை இறுக்கி இஞ்சினை எழுப்பினேன். குளிர்ந்த காற்று சீராக வந்தது. பெல்ட் மூச்சு விடவில்லை. மேலூர் வரை டீச்சர் கண்ணாடி வழியே பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். மேலூர் எல்லையில் முருகேசன் தலையிலிருந்த ஈரத்துண்டைத் தானே எடுத்து மடித்து ஓரமாக வைத்தார்.

"செல்வி, குளுருது. நிப்பாட்டி, சூடா ஒரு டீ சொல்லு."

குளிரை விற்றுப் பிழைக்கிறவனுக்கு ஒரு சூடான டீயைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடைக்காது என்று, ஓசியில் வந்த இரண்டாவது டம்ளரைக் குடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது.