சாத்தாத படல்

ஞானதாஸுக்குப் பகற்கனவு ஒரு வியாதி. நாற்றுக்கட்டைத் தலையில் சுமந்தபடி நடுவரப்பில் அப்படியே நின்றுவிடுவான். "எங்கய்யா பூட்ட?" என்று பெண்டாட்டி மார்த்தாள் கத்துவாள். அவன் போயிருந்தது ரோமாபுரிக்கு. சொன்னால் சிரிப்பீர்கள், அவனை அங்கே அனுப்பிவைத்தது பெருநகர்ச் சந்தையில் வாங்கிய பொட்டுக்கடலைப் பொட்டலம்.

பொட்டலத் தாள் ஏதோ சரித்திரப் புத்தகத்தின் ஒற்றைப் பக்கம். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டியே அதை மனப்பாடம் செய்துவிட்டான். ராஜாவைத் துரத்தியாகிவிட்ட, சக்கரவர்த்திகள் இன்னும் வராதிருந்த ரோமாபுரி. பெரிய வீட்டுக்காரர்கள் சபையில் உட்கார்ந்து சட்டம் போட்டார்கள். பாடுபட்ட ஜனங்கள் ஒருநாள் கூண்டோடு வெளியேறிக் குன்றின்மேல் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர்கள் ஆடிப்போய், "உங்களுக்கென்று ஒரு காவலனை வைத்துக்கொள்ளுங்கள்" என்று இறங்கிவந்தார்கள். அவனுக்குச் சபைக்குள் இடமில்லை, வாசலில் பெஞ்சுதான். ஆனால் அவன் 'வேட்டோ' என்று சொல்லிவிட்டால் எந்தத் தீர்மானமும் செல்லாது. அவன் வீட்டுக் கதவை ராப்பகல் சாத்தக்கூடாது. அவனைத் தொட்டவனை ஜனங்கள் விடமாட்டார்கள். 'இப்படி ஒருவன் அந்தச் சொல்லைச் சொன்ன மறுநாள்' என்ற இடத்தில் கிழித்திருந்தான் கடைக்காரப் பாவி.

மறுநாள் என்ன ஆயிற்று? அதைத் தேடித்தான் ஞானதாஸ் கனவுக்குள் போவான். அங்கே ரோமாபுரி நடுவில் செய்யாறு ஓடும். குன்றெல்லாம் பனைமரம். நடவுப் பெண்கள் சேறு காயாத காலோடு உச்சியில் உட்கார்ந்திருப்பார்கள். யாரைக் கேட்டாலும் சிரிப்பார்களே தவிர பதில் சொல்லமாட்டார்கள்.

அறுபதாம் வருஷம் பஞ்சாயத்துத் தேர்தலில் சேரித் தெருக்காரர்கள் அவனை மெம்பராக்கினார்கள். முதல் கூட்டத்தில் பிரசிடெண்ட், "ஒனக்கு வெளியதான்டா காத்து வரும்" என்று வாசல் பெஞ்சைக் காட்டினார். நம்ம ஆள் பூரித்துப்போனான்!

"தீட்டுன்னு வாசல்ல குந்த வெச்சிகீறான். நீ இளிச்சிக்கினு வர்றியே, வெக்கமால்ல?" என்றாள் மார்த்தாள்.

"அதான்டி எடம்" என்றான் அவன். குடிசைக்குக் கதவென்று இருந்தது ஒரு தென்னம்படல். அன்றிலிருந்து அதைச் சாத்தவிடவில்லை. நாய் வந்து கூழை நக்கிப்போனதுதான் மிச்சம்.

தை மாதக் கூட்டத்தில் தீர்மானத் தாளைக் கிளார்க் வேதாசலம் வெளியே கொண்டுவந்து நீட்டினார். ஏரி மதகுக்குப் போகும் பாதையை அடைத்துப் பிரசிடெண்டின் தம்பி நிலத்தோடு சேர்த்துவிடுவதாம். தெருப் பெண்கள் குடிதண்ணீர் எடுக்கும் ஒரே வழி அது. அடைத்தால் இரண்டு மைல் சுற்று. கடைசி வரியில் 'ஏகமனதாக' என்று முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. அந்த வார்த்தை இல்லாவிட்டால் தாசில்தாரே வந்து விசாரிப்பார்.

ஞானதாஸ் எழுத்துக்கூட்டிக் கடைசி வரிவரை படித்தான். பெஞ்சிலிருந்து எழுந்து, "வேட்டோ" என்றான்.

"இன்னாது? வேட்டா?" உள்ளேயிருந்து பிரசிடெண்ட் பாய்ந்துவந்தார். "எனக்கே வேட்டு வெக்கிறியாடா?"

"ஆமாங்க" என்றான் அவன். வேறென்ன சொல்வது? கையெழுத்துப் போடவில்லை. "இனிமே ஏகமனதாகன்னு அனுப்ப முடியாதுங்க" என்று முணுமுணுத்தார் வேதாசலம்.

பொழுது சாய்கிற நேரம். தடியும் கையுமாகப் பிரசிடெண்டின் ஆட்கள் இரண்டு பேர் தெருவுக்குள் வந்தார்கள். மறுநாள் கதை இன்றைக்கே தெரிந்துவிடும் போலிருந்தது. ஞானதாஸ் குடிசைக்குள் ஒடுங்கினான். மார்த்தாள் ஓடிப்போய்ப் படலைப் பிடித்தாள். சாத்தப்போகிறாள் என்று நினைத்தான். பிய்த்து எடுத்துத் தெருவில் வீசினாள் மகராசி!

"சிட்டம்மா! எல்லாரும் வாங்கடி!" என்று அவள் போட்ட சத்தத்தில், மதகிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் குடங்களை இறக்கிவைத்துவிட்டு வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள்.

"மெம்பரப் பாக்கணும்" என்றான் வந்தவர்களில் ஒருவன்.

"பாரேன். கதவு தொறந்துதான் கீது" என்றாள் சிட்டம்மாள். "எங்களத் தாண்டிப் போ."

அவர்கள் குடங்களைப் பார்த்தார்கள், பெண்களைப் பார்த்தார்கள். வந்த வழியே போய்விட்டார்கள். உள்ளே ஞானதாஸ் குழந்தைபோல அழுதான்.

விடிந்ததும் பொட்டலத் தாளை எடுத்து மடியில் விரித்தான். 'அந்தச் சொல்லைச் சொன்ன மறுநாள்' என்பதற்குப் பக்கத்தில் இடம் கொஞ்சம்தான் இருந்தது. பென்சிலை எச்சில் தொட்டு எழுதினான்: 'பொம்பளைங்க தண்ணிக்கிப் போனாங்க.'