எல்லாப் பெட்டிக்கும் ஒரே தொண்டை

என் தங்கைக்குக் கம்ப்யூட்டர் வேலை. நான் சரக்கு வேன் ஓட்டுகிறவன். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். வெறும் பெட்டி ஒன்று வந்தால் முதலில் அதற்குச் சிஸ்டம் ஏற்ற வேண்டும். பிறகு தமிழ் டைப்பிங், கணக்கு, பிரிண்டர் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு பெட்டிக்கே பாதிப் பொழுது போய்விடும். இவள் மகா சோம்பேறி. தன் பெட்டியில் எல்லாவற்றையும் பக்காவாக ஏற்றி, அதை அப்படியே ஒரு பென்டிரைவில் அடக்கிவிடுவாள். மற்ற பெட்டிகளில் அதைச் செருகினால் சிஸ்டமும் சாமான்களும் சேர்ந்தே இறங்கிவிடும். மகாராணி கால்மேல் கால் போட்டு டீ குடிப்பாள்.

செல்போன் கடையில் நாளெல்லாம் நின்ற வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் இதைத் தொடங்கினாள். ஈ ஓட்டினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு தட்டச்சுப் பள்ளி கூப்பிட்டது. பெட்டிகளைச் சரியாகச் செய்து கொடுத்தால் வருஷம் முழுக்கப் பராமரிப்பும் அவளுக்கே. சொதப்பினால் மறுபடி அந்தக் கடையில் போய் நிற்க வேண்டியதுதான்.

பள்ளி நடத்தும் அம்மா ரொம்பக் கறார். "முன்னாடி செஞ்சவன் ஒண்ணுல தமிழ் வரும், ஒண்ணுல பிரிண்டர் வராதுன்னு வச்சிட்டுப் போயிட்டான். நல்ல பெட்டிக்குப் பிள்ளைங்க அடிச்சுக்குதுங்க. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும்."

அவள் வீட்டிலேயே பென்டிரைவைச் செருகித் தயார் செய்த பெட்டிகளை நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். அங்கேதான் ஸ்பீக்கர் மாட்டினோம். பிள்ளைகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார்கள். அறை அதிர்ந்தது.

"ஏய், அந்தப் பொட்டியக் கட்டிட்டு அழாம வந்து சாப்பிட்டுத் தொலை!"

என் குரல். நான் வீட்டில் கத்தியதை இந்தக் கழுதை பதிவுசெய்து, தன் பெட்டியைப் போட்டதும் ஒலிக்கிற மாதிரி வைத்திருக்கிறாள், என் மனைவியைச் சிரிக்கவைக்க. பென்டிரைவில் அடக்குமுன் அதை எடுக்க மறந்துவிட்டாள்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"யாரும்மா அது?"

தங்கை பேயறைந்தவள் போல என்னைக் கைகாட்டினாள். நான் கையில் ஒயரோடு நின்றேன்.

"எல்லாத்துலயுமா இருக்கு?"

"ஆமா மேடம். ஒண்ணுல இருந்ததுதான் எல்லாத்துக்கும் போயிருக்கு."

அந்த அம்மா இடம் இடமாகப் போய் உட்கார்ந்தார். தமிழில் தட்டினார், பிரிண்ட் கொடுத்தார். ஒரு பெட்டியும் முரண்டு பிடிக்கவில்லை. கடைசித் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"தப்புகூட ஒண்ணுலயும் குறையலியேம்மா! எனக்கு இதுதான் வேணும். அந்த மனுஷன் சத்தத்த மட்டும் எடுத்துடு. வருஷம் முழுக்க நீயே பாத்துக்க."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை.

"ஏய், அழாதடி!" என்றேன்.

அதே குரலா, மறுபடி அறையே சிரித்தது.

"அண்ணே," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போய் வேன்ல உக்காரு. உன் வாய அடைக்கிறதுதான் இப்ப எனக்கு வேலையே."